சென்னை – பெங்களூரு: தூரத்தையும் விமான நேரத்தையும் வாசலில் இருந்து வாசல் வரை கணக்கிடுவது எப்படி?

சென்னைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் 268 கி.மீ. என்று ஒரு பதில் வரும். 290 என்று இன்னொன்று, 345 என்று மூன்றாவது, 362 என்று நாலாவது. நாலும் சரிதான். விமான நேரம் என்று தேடினால் 20 நிமிடத்தில் தொடங்கி ஒன்றேகால் மணி வரை விதவிதமாகக் கிடைக்கும். அவையும் பெரும்பாலும் பொய்யில்லை. ஒவ்வொரு எண்ணும் வேறொன்றை அளக்கிறது, அவ்வளவுதான்.

வேலை பெங்களூரில், வீடு சென்னையில் என்று எட்டு வருடமாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவே போய்வருகிறேன். புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகள், பேரனைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்கள் என்று பலருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தும் இருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பயணத்தில் அந்த நேரத்தைவிட மற்ற நேரங்கள்தான் பெரியவை.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். டிக்கெட் விலையைப் பார்ப்பது கிட்டத்தட்டக் கடைசியில்தான் வருகிறது. அதை முதலிலேயே பார்த்துவிட்டால் மனம் அந்த எண்ணிலேயே நின்றுவிடும். பிறகு போடும் கணக்கெல்லாம் அதற்கு ஏற்றாற்போல் வளையும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், ஒரு பேனா, வரைபடம் பார்க்க ஒரு போன். புறப்படும் இடத்தின் முகவரியும் போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரியும், தெரு அளவில். 'சென்னை', 'பெங்களூரு' என்று மட்டும் எழுதினால் போதாது.

எத்தனை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்பதும் வேண்டும். கூடவே மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: எத்தனை பேர் போகிறீர்கள், செக்-இன் செய்ய வேண்டிய பெரிய பெட்டி உண்டா, கூட வருபவர்களில் வேகமாக நடக்க முடியாதவர் யாராவது உண்டா. இந்த மூன்றும் கணக்கில் ஒரு மணி நேரம் வரை வித்தியாசம் செய்யும்.

1. இரண்டு வாசல்களையும் குறித்துக்கொள்ளுங்கள்

வரைபடத்தில் முதலில் உங்கள் வீட்டு வாசலையும் போக வேண்டிய வாசலையும் குறியுங்கள். அப்புறம் நான்கு இடங்களைக் குறியுங்கள்: மீனம்பாக்கம் விமான நிலையம், சென்னை சென்ட்ரல், தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையம், ஊரின் நடுவே மெஜஸ்டிக் பக்கத்தில் உள்ள பெங்களூரு கே.எஸ்.ஆர். ரயில் நிலையம்.

இப்படிக் குறித்ததுமே பாதி உண்மை கண்ணுக்குத் தெரிந்துவிடும். சென்னை விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிண்டியிலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். பெங்களூரு விமான நிலையம் அப்படி இல்லை. ஊருக்கு வடக்கே, மெஜஸ்டிக்கிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியோ ஊரின் தென்கோடி. விமான நிலையத்திலிருந்து அங்கே போவதற்கு 50 கி.மீ.க்கு மேல், அதுவும் நகரத்தைக் குறுக்கே கடந்து.

இங்கே ஒரு பெரிய பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரில் 'பழைய ஏர்போர்ட் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. 2008 மே மாதம் தேவனஹள்ளி நிலையம் திறக்கும் வரை பயணிகள் விமானங்கள் வந்து இறங்கிய எச்.ஏ.எல். நிலையம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, விடியற்காலை விமானத்துக்கு வசதியாக இருக்கும் என்று அங்கே அறை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து இப்போதைய நிலையத்துக்கு ஏறக்குறைய 40 கி.மீ. போக வேண்டும். விடுதி முகவரியில் 'ஏர்போர்ட்' என்று இருந்தால் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. நான்கு தூரங்களையும் தனித்தனியாக எழுதுங்கள்

தாளில் நான்கு வரிகள்.

ஊர் மையத்துக்கு ஊர் மையம் நேர்கோட்டில் சுமார் 290 கி.மீ. பொது அறிவுக்கு உதவும் எண் இது. பயணத்துக்கு நேரடியாக உதவாது, ஏனென்றால் இந்தக் கோட்டில் எதுவும் ஓடுவதில்லை.

விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 268 கி.மீ. ஊர் மையத் தூரத்தைவிட இது குறைவு. சென்னையின் விமான நிலையம் ஊருக்குத் தென்மேற்கே இருக்கிறது, பெங்களூரின் நிலையம் ஊருக்கு வடகிழக்கே. இரண்டுமே ஒன்றை நோக்கி ஒன்று சற்று நகர்ந்து நிற்கின்றன.

சாலை வழி 345 கி.மீ.யை ஒட்டி. காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு இது. சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழி இதைவிடச் சற்றுக் குறைவு. ஸ்ரீபெரும்புதூரையும் ஓசக்கோட்டையையும் இணைக்கும் விரைவுச்சாலை ஏறக்குறைய 260 கி.மீ. நீளம் கொண்டது. நீங்கள் கிளம்பும் நாளில் அது முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் பழைய சாலையின் நேரத்தையே வையுங்கள்.

ரயில் வழி 362 கி.மீ. காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை என்று வளைந்து போவதால் நான்கில் இதுதான் நீளம்.

ஏன் பிரித்து எழுதச் சொல்கிறேன் என்றால், பலரும் ஒரு வரியின் தூரத்தை இன்னொரு வரியின் வேகத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். 345 கி.மீ.யை விமான வேகத்தால் வகுப்பார்கள். 290 கி.மீ.யைக் கார் வேகத்தால் வகுத்து, "நாலு மணி நேரத்தில் போயிடலாம்" என்று கிளம்புவார்கள். தூரமும் வேகமும் ஒரே வரியில் இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

3. வான் தூரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

செயலியே சொல்லிவிடுகிறதே, எதற்கு நாம் போட வேண்டும் என்று கேட்கலாம். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், எந்தச் செயலி எந்த இரண்டு புள்ளிகளை அளந்திருக்கிறது என்று சட்டென்று பிடிபடும். பக்கத்து ஊர்களுக்குப் பள்ளிக் கணக்கே போதும்.

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். வரைபடத்தில் அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. பெங்களூரு: வடக்கு 13.20, கிழக்கு 77.71.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது எங்கேயும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில்தான் 111. வடக்கே போகப் போகச் சுருங்கும். நம் 13 பாகை அட்சத்தில் சுமார் 108 கி.மீ.

அட்ச வித்தியாசம் 0.21. அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 23 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 2.46. அதை 108-ஆல் பெருக்கினால் சுமார் 266 கி.மீ. ஒன்று வடக்கு தெற்காக, மற்றது கிழக்கு மேற்காக. இரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்து, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 267 வரும். பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுத்த துல்லியமான விடை 268. இந்தத் தூரத்தில் ஒரு கி.மீ. வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, தீர்க்கரேகைக்கும் 111-ஐயே போடுவது. சென்னை – பெங்களூரில் அது ஏழெட்டுக் கி.மீ.தான் கூட்டும். டெல்லி, சண்டிகர் பக்கம் அதே பிழை செய்தால் விடை நிறையத் தப்பிவிடும், ஏனென்றால் அங்கே பாகை இன்னும் சுருங்கியிருக்கும்.

4. 'விமான நேரம்' என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

இந்தப் படியில் நிதானம் தேவை. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

முதலாவது, வெறும் வகுத்தல் நேரம். 268 கி.மீ.யை மணிக்கு 830 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்தால் 19 நிமிடம் சொச்சம். தேடலில் வரும் '20 நிமிடம்' இதுதான். எந்த விமானமும் இந்த நேரத்தில் போனதில்லை, போகவும் முடியாது.

காரணம் எளிது. அந்த 830 கி.மீ. வேகம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டும்தான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 'நாட்' வேகத்தைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. இவ்வளவு குறுகிய பயணத்தில் விமானம் 35,000 அடிக்கும் ஏறுவதில்லை. இருபதாயிரம் சொச்சம் அடி வரை ஏறும், உடனே இறங்க வேண்டும்.

இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கவும் சுமார் 3 கடல் மைல். பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 24,000 அடியில் வந்தால் 21,000 அடி இறங்க வேண்டும். அதற்கு 63 கடல் மைல், அதாவது 117 கி.மீ. ஏறுவதற்கு ஒரு 100 கி.மீ. எடுத்துக்கொண்டால், சீராகப் பறக்க மிஞ்சுவது 50 கி.மீ.தான். நேர்கோட்டில் போனால் சித்தூரை நெருங்கும்போதுதான் ஏறி முடிக்கிறது. பலமனேர் வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. காபி கேட்டால் சூடாகக் குடிக்க நேரம் இருக்காது என்பது இதனால்தான்.

இரண்டாவது, காற்றில் இருக்கும் நேரம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. இந்த வழியில் பெரும்பாலும் 35 முதல் 45 நிமிடம்.

மூன்றாவது, டிக்கெட்டில் அச்சாகும் நேரம். விமானத் துறையில் இதைப் பிளாக் டைம் என்பார்கள். புறப்படும் நிலையத்தில் நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்து, சேரும் நிலையத்தில் நிற்கும் இடத்துக்கு வரும் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். இந்த வழியில் 60 முதல் 70 நிமிடம் என்று போட்டிருப்பார்கள்.

உங்கள் தாளில் எழுத வேண்டியது மூன்றாவதை மட்டும்தான். மற்ற இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் போதும்.

வேறு பக்கத்து ஊர்களுக்கு டிக்கெட் பார்க்காமலே தோராயமாக வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. வான் தூரத்தை 800-ஆல் வகுத்து வரும் நேரத்தோடு 30 முதல் 40 நிமிடம் கூட்டுங்கள். 268-க்கு 20 நிமிடம், கூட்டினால் 50 முதல் 60. டிக்கெட்டோடு ஓரளவு ஒத்துப்போகும்.

விசிறி சுழலும் சின்ன ஏ.டி.ஆர். விமானம் என்றால் ரொம்ப நேரமாகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. ஜெட்டும் இந்தத் தூரத்தில் தன் முழு வேகத்தைத் தொட வாய்ப்பில்லாததால் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம் அளவுக்குத்தான் வரும். அதற்காக நல்ல நேரத்தில் இருக்கும் விமானத்தை விட வேண்டாம்.

5. நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். பெங்களூரில் மேற்குக் காற்று அடிக்கும் தென்மேற்குப் பருவத்தில், கிழக்கிலிருந்து வரும் சென்னை விமானம் வளையாமல் நேராக வந்து இறங்கிவிடும். குளிர்காலத்தில் கிழக்குக் காற்று அடிக்கும்போது நிலையத்தைத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். பத்து நிமிடம் அதிலேயே போகும். சென்னையிலும் கடலைப் பார்த்து ஏறினால் மேற்கே திரும்ப ஒரு சுற்று உண்டு.

அதனால் ஒருமுறை 50 நிமிடத்தில் போனதை நம்பி அடுத்த முறை திட்டம் போடாதீர்கள்.

பனிமூட்டம் இதைவிடப் பெரிய விஷயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேவனஹள்ளிப் பக்கம் விடியற்காலையில் பனி இறங்கும். அந்த மாதங்களில் காலை முதல் விமானங்கள் தாமதமாவது சகஜம். அதே நாளில் காலை பத்து மணிக்கு முக்கியமான வேலை இருந்தால், முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள், அல்லது ரயிலைப் பிடியுங்கள். சென்னையில் போகி அன்று விடியற்காலையையும் தவிர்க்கப் பாருங்கள். எரித்த புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் பார்வைத் தூரம் குறைந்து, விமானங்கள் காத்திருந்த ஆண்டுகள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் அறிவிப்பு இருக்கிறதா என்று முந்தைய நாள் இரவு பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

6. தரையில் போகும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விமானம் புறப்படும் நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முன்னோக்கி எண்ணினால், "ஏழு மணிக்குக் கிளம்பினா ஏழரைக்குப் போயிடலாம்" என்று நம் ஆசைதான் கணக்குப் போடும்.

கேட் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 20 – 25 நிமிடம் முன்பு மூடப்படும். லக்கேஜ் கொடுக்கும் கவுண்டர் உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். இந்த 60 நிமிடம்தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது. விமானம் நிற்கிறது, நேரம் இருக்கிறது, ஆனால் பெட்டியை வாங்கமாட்டார்கள். என் அத்தை மகன் ஒருமுறை 50 நிமிடம் முன்பு போய் நின்றான். திருமணச் சீர்ப் பெட்டியை விட்டுப் போக முடியாமல், மறுபடி காசு கொடுத்து மாலை விமானத்தில்தான் போனான். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது.

ஆகவே பெட்டி இருந்தால் 90 முதல் 120 நிமிடம் முன்பு நிலைய வாசலில் இருங்கள். கைப்பை மட்டும் என்றால், வெப் செக்-இன் முடித்து 75 நிமிடம் முன்பு போனால் நான் போய்வந்த நாள்களில் போதுமானதாக இருந்தது. திங்கள் காலையிலும் வெள்ளி மாலையிலும் அதோடு அரை மணி கூட்டுங்கள். அந்த இரண்டு நேரமும் இந்த வழியில் கூட்டம் அதிகம்.

கைப்பைக்கு 7 கிலோ, செக்-இன் பெட்டிக்கு 15 கிலோ என்பதுதான் பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளில் உள்ள அளவு. இரண்டு நாள் பயணத்துக்கு ஏழு கிலோ போதும். பெட்டியைத் தவிர்த்தால் இந்தப் பக்கம் அரை மணி, அந்தப் பக்கம் பெல்ட்டில் காத்திருக்கும் இருபது நிமிடம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம். காற்றில் இருக்கும் நேரத்தைவிட அது அதிகம்.

இனி இறங்கிய பக்கம். விமானம் நின்ற பிறகு கதவு திறந்து, நடந்து வெளியே வர 15 – 20 நிமிடம். பெட்டி இருந்தால் 35 – 40. அங்கிருந்து ஊருக்குள் போக மாநகரப் போக்குவரத்தின் வாயு வஜ்ரா பேருந்துகள் இருக்கின்றன. ஏ.சி. பேருந்து, பெட்டி வைக்க இடமும் உண்டு. தனியாகப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், டாக்ஸியைவிடச் செலவு மிகக் குறைவு. மூன்று பேர் என்றால் டாக்ஸி தேவலை. எதில் போனாலும் ஹெப்பாள் மேம்பாலத்தில் நெரிசல் இருக்கும் நேரத்தில் மெஜஸ்டிக் வரை ஒரு மணி நேரம், எலக்ட்ரானிக் சிட்டி வரை ஒன்றே முக்கால் முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

வரைபடச் செயலியில் இந்த நேரத்தைப் பார்க்கும்போது, நீங்கள் அங்கே இறங்கப்போகும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து பார்த்தால் 55 நிமிடம் காட்டும். காலை பத்தரைக்கு அது இரட்டிப்பாகும்.

7. மொத்தத்தைக் கூட்டுங்கள்

இரண்டு கணக்குகளை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டிலும் காலை 9 மணி விமானம்.

வேளச்சேரி வீட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, ஒரு பெட்டியோடு. 7.15-க்கு நிலையத்தில் இருக்க 6.35-க்குக் கிளம்ப வேண்டும். 10.05-க்கு விமானம் நிற்கிறது. பெட்டி எடுத்து டாக்ஸியில் ஏற 10.45. போய்ச் சேர 12.30. வாசலில் இருந்து வாசல் ஆறு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

கிண்டியிலிருந்து எலஹங்கா, கைப்பை மட்டும். 7.45-க்கு நிலையத்தில் இருக்க 7.15-க்கு மெட்ரோவுக்குக் கிளம்பினால் போதும். 10.05-க்கு விமானம் நிற்கிறது. 10.25-க்கு வெளியே. எலஹங்கா விமான நிலையம் இருக்கும் பக்கமே, 11 மணிக்குள் போய்விடலாம். மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம்.

ஒரே விமானம், ஒரே டிக்கெட். இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் 'சென்னை – பெங்களூரு விமானத்தில் எவ்வளவு நேரம்' என்று கேட்பவரிடம் நான் முதலில் முகவரி கேட்கிறேன்.

8. ரயிலையும் காரையும் அதே தாளில் எழுதுங்கள்

ரயிலுக்கும் வாசல் கணக்குத்தான். வந்தே பாரத் சென்ட்ரலிலிருந்து பெங்களூருக்குச் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்விடும். சதாப்தி சுமார் ஐந்து மணி நேரம். மற்ற பகல் ரயில்கள் ஐந்தரை, ஆறு. நிலையத்துக்கு அரை மணி முன்பு போனால் போதும், பெட்டிக்குப் பெரும்பாலும் எடை பார்ப்பதில்லை, இறங்கினால் ஊரின் நடுவே மெட்ரோ.

எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்தில் ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறிப் போய்விடலாம். வேளச்சேரிக் கணக்கை ரயிலில் போட்டால் ஏழு மணி நேரத்துக்குள் வருகிறது. விமானத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் நடுவில் நாலரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம், தூங்கலாம். விமானத்தில் அந்த ஆறு மணி நேரமும் துண்டு துண்டாக, எழுந்து உட்கார்ந்து, வரிசையில் நின்றே போகும். வயதானவர்களோடு போகும்போது இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

ஒயிட்ஃபீல்டு போகிறவர்கள் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் ரயிலைத் தேடுங்கள். அங்கேயே மெட்ரோ இருக்கிறது. ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டாம்.

ரயிலில் நடக்கும் பிழை நிலையப் பெயர். சில ரயில்கள் கே.எஸ்.ஆர். வராமல் பையப்பனஹள்ளியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா முனையத்தோடு நின்றுவிடும். சில யஷ்வந்த்பூர் போகும். டிக்கெட்டில் சேரும் நிலையத்தைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள். வந்தே பாரத், சதாப்தி போன்றவை வாரத்தில் எந்த நாள் ஓடாது என்பதையும் பாருங்கள்.

கார் என்றால் சாதாரணமாக ஆறு முதல் ஏழு மணி நேரம், சாப்பாட்டுக்கு நிறுத்துவதோடு. எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓசூர் வழியாகப் போகும்போது ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை, அது சாலை ஓரத்திலேயே வந்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு நாலு பேர் போனால் காரும் விமானமும் கிட்டத்தட்ட ஒரே நேரம். எலஹங்கா என்றால் கார் கணக்கிலேயே வராது.

9. இப்போது விலையைப் பாருங்கள்

மூன்று மொத்த நேரங்களும் தாளில் இருக்கின்றன. இனி விலை.

விமான டிக்கெட்டின் விலையோடு இரண்டு பக்க டாக்ஸியையும் கூடுதல் எடைக் கட்டணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பெங்களூரில் டாக்ஸிக்குக் கொடுப்பது, முன்கூட்டிப் போட்ட விமான டிக்கெட்டில் பாதி வரை வந்த நாள்களும் எனக்கு உண்டு.

தேடும்போது 'நேரடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விலை வரிசையில் மட்டும் பார்த்தால் ஹைதராபாத் வழியாகச் சுற்றிப் போகும் விமானம் மேலே வந்து நிற்கும். 268 கி.மீ.க்கு ஐந்தாறு மணி நேரம். தேதியைப் பார்த்த அவசரத்தில் இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, பிறகு ரத்துக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. எந்த முனையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் டிக்கெட்டில் படியுங்கள். இரண்டு ஊரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் இருக்கின்றன. தவறான வாசலில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

விமானம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் மிச்சப்படுத்துகிறது என்றால் நான் ரயிலைத்தான் பரிந்துரைப்பேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றால் விமானம். நடுவில் வந்தால், பெட்டி இருக்கிறதா, கூட வருபவர் யார் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

10. வேறு ஊர்களுக்கு இதே கணக்கு

படிகள் அதேதான், எண்களை மட்டும் மாற்றிப் போடுங்கள். சென்னை – திருச்சி வான் தூரம் சுமார் 290 கி.மீ. பெங்களூரைவிடச் சற்று அதிகம். ஆனால் திருச்சி விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, மத்திய பேருந்து நிலையத்திலிருந்து கால் மணி நேரம்தான். தூரம் கூடுதலாக இருந்தும் வாசல் கணக்கில் நேரம் குறையும்.

யாழ்ப்பாணம் இதற்கு நேர்மாறு. மீனம்பாக்கத்திலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்கு வான் தூரம் சுமார் 355 கி.மீ., கடிகார நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆனால் அது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், விசா அனுமதி, குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. ஆறாவது படியில் புறப்பாட்டுக்கு முன் மூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள், இறங்கிய பக்கமும் கூட்டுங்கள்.

11. போய்வந்த பிறகு உண்மையான நேரத்தை எழுதி வையுங்கள்

ஆறு நேரங்கள் போதும்: வீட்டை விட்டது, நிலைய வாசலில் நுழைந்தது, பாதுகாப்புச் சோதனை முடிந்தது, விமானம் நகர்ந்தது, இறங்கி நின்றது, போய்ச் சேர்ந்தது. கூடவே அது என்ன கிழமை, என்ன மாதம் என்று. போனில் ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டால் நாலு பயணத்தில் உங்கள் வீட்டுக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் உரிய எண்கள் கிடைத்துவிடும். அடுத்த முறை என் எண்களை அடித்துவிட்டு அவற்றைப் போடுங்கள்.